கித்துல்கலையில் ஒரு குவாய் நதி

‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ திரைப்படத்தில் ஓடும் ஆறு தாய்லாந்தில் இல்லை. அது நம்முடைய களனி கங்கை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு அமைத்த ரயில் பாதையைக் களமாகக் கொண்ட அந்தக் கதையை, இயக்குநர் டேவிட் லீன் 1956-57 காலப்பகுதியில் இலங்கையிலேயே படமாக்கினார். ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற அந்தப் படத்தின் இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

முதலில் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பூங்காவுக்குச் சென்றேன். படத்தின் பிரித்தானியப் படை முகாம் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. நேச நாட்டுப் படைகளின் தளபதியான மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டபோது உண்மையிலேயே இந்தப் பூங்காவில்தான் இயங்கியது என்பதால், இது கதையின் காலத்தோடு நேரடித் தொடர்புடைய இடம். ஆனாலும் என் மனம், பாலக் காட்சிகள் படமாக்கப்பட்ட களனி கங்கைக் கரையின் கித்துல்கலையிலேயே இருந்தது.

ஹட்டனிலிருந்து கினிகத்தேன வழியாக இறங்கும்போது, தேயிலை மலைகள் சிறிது சிறிதாகப் பின்வாங்கி, காடும் இறப்பர் மரங்களும் வீதிக்கு நெருங்கி வருகின்றன. காற்றில் ஈரமும் வெம்மையும் கூடுகின்றன. பிரதான வீதியை விட்டு விலகி மரங்களுக்கிடையே நடந்தால் ஆற்றங்கரையை அடையலாம். இன்று அங்கே பாலம் இல்லை. ஏறத்தாழ 425 அடி நீளத்தில், யானைகளின் துணையோடு கட்டப்பட்ட அந்த மரப்பாலத்தின் கொங்கிறீற் அடித்தளங்கள் மட்டும் கரையில் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் மேல் கைவைத்து நின்றபோது, அந்தப் பெரும் வேலை எவ்வளவு உறுதியாகச் செய்யப்பட்டது என்பது புரிந்தது.

ரயில் ஓடிவரும்போது பாலத்தைத் தகர்க்கும் காட்சிக்கு 1957 மார்ச் 10ஆம் திகதி குறிக்கப்பட்டது. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பார்வையிட வந்திருந்தார். ஆனால் ஒளிப்பதிவாளர் ஒருவர் உரிய நேரத்தில் பாதுகாப்பான இடத்துக்கு விலக முடியாமற் போனதால் வெடிப்பு நிறுத்தப்பட்டது. ரயிலோ நிற்காமல் பாலத்தைக் கடந்து, மறுகரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதியது. ரயிலைச் சீர்செய்து மறுநாள் காலை மீண்டும் ஓட்டி, பாலத்தையும் ரயிலையும் ஒருங்கே தகர்த்தார்கள். இப்போது அதே நீரில் இளைஞர்கள் ரப்பர் படகுகளில் ஆர்ப்பரித்துச் செல்கிறார்கள்.

கதைக்கு ஆதாரமான இரும்புப் பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்றும் நிற்கிறது. அதன்மேல் இன்றும் ரயில் ஓடுகிறது. ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். படம் சொல்வது அந்த வெள்ளைச் சிப்பாய்களின் கதையை. ஆனால் அதே பாதையில் அவர்களைக் காட்டிலும் பல மடங்கு பெருந்தொகையாக உழைத்தவர்களும் மடிந்தவர்களும் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். போரால் தோட்ட வேலை நின்று பசியில் இருந்தவர்களைக் கூலி தருவதாகச் சொல்லி ஏற்றினார்கள்; பின்னர் பலவந்தமாகவே பிடித்துச் சென்றார்கள். கைதிகளுக்குத் தங்கள் படையின் மருத்துவர்களாவது உடனிருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை; வாந்திபேதி கண்ட முகாம்களில் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். மலேசியத் தமிழர் அதை இன்றும் சயாம் மரண ரயில் என்றே சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டின் அதே மாவட்டங்களிலிருந்து, கங்காணிகள் ஆள் திரட்டும் அதே முறையில், ஒரு கப்பல் மலாயாவுக்கும் மற்றொன்று இலங்கைக்கும் போயிற்று. என் முன்னோர் ஏறியது இரண்டாவது கப்பல். ஆகவேதான் அந்த அடித்தளங்களின் அருகே நின்று படத்தை நினைத்தபோது, எங்கள் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் காணும் முகங்களைப் போன்ற முகம் ஒன்றுகூட அதன் கைதிகளிடையே இல்லை என்பது எனக்குப் பெரும் குறையாகப் பட்டது. மலையகத் தமிழர் இந்த இடத்துக்குத் தங்கள் பிள்ளைகளை அழைத்து வர வேண்டும் என்று விரும்புகிறேன். படப்பிடிப்பின் கதையோடு மலாயாத் தோட்டத்தாரின் கதையையும் அந்த ஆற்றங்கரையிலேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாதை சறுக்கக்கூடியது என்பதால் மழை இல்லாத காலை வேளையே போவதற்கு ஏற்றது.