தக்காளிப் பதம்

மகளின் அறையில் இருக்கும் தேங்காய் எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்துவிடுகிறது. இரவெல்லாம் ஏர்கான் 22-ல் ஓடுகிறது. அதே எண்ணெய்தான் அடுப்படியிலும் இருக்கிறது, அங்கே எப்போதும் தண்ணீர் போலத்தான். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி வாக்கில் இளகிவிடும். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறை அதற்குக் கீழே குளிர்ந்து நான் பார்த்ததில்லை. "கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டாள். போத்தலை வெந்நீரில் நிறுத்திக் காட்டினேன். முதலில் ஓரம் கண்ணாடியாகத் தெளிந்தது, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் அதுவும் போய்விட்டது.

இந்தச் சில டிகிரி வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது அதிரசத்தில். போன தீபாவளிக்குத் தட்டிப் போட்ட அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து கரைந்துபோனது. தேக்கா கடைகளில் பார்த்துப் பார்த்து வாங்கிய வெல்லம், ஊறவைத்து இடித்த மாவு, எல்லாம் வீண். அழுகையே வந்துவிட்டது. பதம் வருமுன் வெல்லப் பாகை இறக்கியதுதான் காரணம்.

அம்மா கும்பகோணத்திலிருந்து சொல்வது ஒரே வழி. "ஒரு சொட்டுப் பாகைத் தண்ணியில விடு. கரைஞ்சா இன்னும் கொதிக்கட்டும். விரலால திரட்டினா உருண்டு, அழுத்தினா தக்காளிப்பழம் மாதிரி அமுங்கணும்." இந்த முறை அம்மாவை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு, பாகுக்குள் வெப்பமானியையும் விட்டுப் பார்த்தேன். அம்மா "இப்ப இறக்கு" என்றபோது 115 காட்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் ஏறாது. வெல்லம் கரைந்திருந்தால் கொதிநிலை கூடும். தண்ணீர் ஆவியாகிப் பாகு கெட்டிப்பட, அது இன்னும் ஏறும். ஆக, வெப்பமானி காட்டுவது பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைத்தான். 115-ல் 100க்கு 15 பங்குபோல இருக்கும். அதுவே 150 வரை போனால் தண்ணீர் அநேகமாகத் தீர்ந்து, ஆறியதும் கண்ணாடி மிட்டாய் மாதிரி நொறுங்கும். அம்மாவின் விரல் இத்தனை வருடமாக இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறது.

105 வரை பாகு நிதானமாக ஏறுகிறது. 110 தாண்டியபின் கண்மூடித் திறப்பதற்குள் ஓடுகிறது, ஏனென்றால் மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் சிறிது குறைந்தாலும் வித்தியாசம் பெரிது. அந்த நேரத்தில் ஃபோனை எடுக்காதீர்கள். அடிகனமான சட்டியென்றால் 113-லேயே அடுப்பை அணைத்துவிடுங்கள், சட்டியின் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. சூட்டோடு மாவைக் கிளறும்போது அது இட்லி மாவு போலத் தளர்ந்திருக்கும். பயந்து மேலும் மாவைக் கொட்டினால் அதிரசம் கல்லாகிவிடும். பாகு சூட்டில் ஓடும், ஆற ஆற இறுகும், அரிசி மாவும் ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். அதற்கு ஓர் இரவாவது வேண்டும்.

இன்று கிளறிய மாவில் நெய் தடவி, துணி கட்டி, அடுப்படி மேடையில் வைத்திருக்கிறேன். மகளின் ஏர்கான் அறையில் வைக்கவில்லை, அங்கே வைத்தால் காலையில் கைக்கு வளையாது.