நல்லா கழுவிட்டு

"நல்லா கழுவிட்டுச் சாப்பிடுங்கம்மா" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். முழுப் பொய்யாக இருந்தால்கூட இந்நேரம் யாரிடமாவது ஒப்புக்கொண்டு தூங்கியிருப்பேன்.

மலேசியாவில் பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டின பழைய பேட்டரிக் கொட்டகை அது. பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கியவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். நிலத்தை வாங்க நினைத்த ஒருவருக்காக, பரிசோதனைக்கு மண் எடுக்க ஆய்வகத்திலிருந்து போனோம். ஒப்பிட்டுப் பார்க்கச் சாக்கடைக்கு அந்தப் பக்கமும் இரண்டு மாதிரி வேண்டியிருந்தது. அங்கே அந்த அம்மாவின் பாத்தி: பாயாம் என்கிற தண்டுக்கீரை, கங்கோங் என்கிற நீர்க்கீரை, ஓரமாக வெண்டை. "தாராளமா எடுங்க" என்றார். துளைக்கும் கம்பியை 15 சென்டிமீட்டர் இறக்கி, திருகி மேலே இழுத்தேன். மேலே கறுப்பு, கீழே சாம்பல் களி, நடுவில் ஒரு மண்புழு. புழுவைப் பாத்தியில் விட்டுவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டு எண் எழுதினேன்.

"என்ன தம்பி, மண்ணுக்கு ரத்தப் பரிசோதனையா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

"அப்ப கீரையைச் சாப்பிடலாமா?"

வேனில் இருந்தவன் ஹாரன் அடித்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. முடிவு வர இரண்டு வாரம் ஆகும், வந்தாலும் அது பணம் கட்டியவருக்குத்தான் போகும். இத்தனையும் ஒரு நொடியில் யோசித்துத்தான் அதைச் சொன்னேனா, இல்லை வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் காரணங்களை அப்புறம் சேர்த்துக்கொண்டேனா என்பதை இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஈயத்துக்கு அந்தப் பதில் சரிதான். அது மேல் மண்ணிலேயே ஒட்டிக் கிடக்கும், வேர் அதிகம் இழுக்காது. இலையில் படிந்த தூசியும் நகக்கண்ணில் ஏறின மண்ணும்தான் வாய்க்குப் போகிற வழி. பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு உறிஞ்சும். அதனால் கையையும் கீரையையும் கழுவச் சொல்வது நல்ல யோசனைதான். சில வகை பேட்டரிகளில் இருக்கும் இன்னொரு நச்சு உலோகமான காட்மியம் அப்படி இல்லை. அமிலம் கூடின மண்ணில், நம் பக்கத்து மண் பெரும்பாலும் அப்படித்தான், அது கரைந்து வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறிவிடும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் 10, 20 வருஷம் எழுந்திருக்காது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரைப் பெண்களுக்கு எலும்பு முறிந்துபோனது இதனால்தான். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, சோற்றில் வந்தது. 'வலிக்குது, வலிக்குது' என்று அவர்கள் கத்தியதே நோயின் பெயராகிவிட்டது. அரசாங்கம் அதை ஒத்துக்கொள்ள 1968 ஆனது.

கொட்டகை மூலையில் நிக்கல்-காட்மியம் பேட்டரிக் கூடுகள் கிடந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் கழுவச் சொன்னேன்.

பாத்தியில் எடுத்த இரண்டு மாதிரியில் ஒன்றில் காட்மியம் கூடுதல். ஒன்றில் மட்டும். மேலாளரிடம் கேட்டதற்கு, "அளக்கிறதுதான் நம்ம வேலை" என்றார். அறிக்கையில் 'சுற்றுப்புறத்தில் மேலும் ஆய்வு தேவை' என்ற வரியை நான்தான் கேட்டுச் சேர்த்தேன். அதை யார் படித்தார்களோ. சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் எழுதலாம்தான். ஆனால் அந்த அம்மா பயிர் வைத்திருப்பது சாக்கடை ஓரத்து ரிசர்வ் நிலம், பட்டா கிடையாது. பேட்டரிக்காரனைத் தேடிப் பிடிப்பதற்குள் அவருடைய பாத்தியைத்தான் முதலில் பிடுங்குவார்கள். இது நியாயமான பயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்கு வசதியான பயமும்கூட.

ஒரு மாதம் கழித்து இரவுச் சந்தையில் அவரைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். "மண்ணுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்கம்மா" என்றேன். அமிலம் குறைந்தால் காட்மியம் ஏறுவதும் குறையும், அதனால் இதுவும் பொய் இல்லை. 'எதுக்கு' என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. அவர் கேட்கவில்லை.

"முப்பது வருஷம் தோட்டத்துல மருந்தடிச்சேன் தம்பி. முதுகுல தோம்பு, மூக்குல ஒரு துணி. இந்த மண்ணு என்னைப் புதுசா என்ன பண்ணப் போகுது?"

அவர் சொன்னது பாராக்குவாட் என்கிற களைக்கொல்லியை. 2002-இல் தடை, 2006-இல் தளர்வு, 2020-இல் மறுபடி தடை என்று மேலே அரசாங்கத்தில் யோசித்துக்கொண்டிருந்தபோது அதைத் தெளித்துக்கொண்டிருந்த கை அது. அந்தக் கை கீரைக்கட்டை நீட்டும்போது நான் காட்மியத்தைப் பற்றி எப்படித் தொடங்குவது? தொடங்கியிருக்கலாம். பக்கத்தில் நாலு பேர் வாங்க நின்றார்கள். அதனாலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

இரண்டு கட்டு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நாங்கள் மண்ணும் தண்ணீரும்தான் பார்ப்போம், கீரை பார்ப்பதில்லை. இருந்தாலும் அடுப்பில் உலர்த்திப் பொடித்து, ஒரு பையில் போட்டு, ஆய்வக அலமாரியில் வைத்திருக்கிறேன். பையில் இன்னும் எண் எழுதவில்லை.