ஹ்ராஸ்தொவ்ல்யே: மதிலுக்குள் ஒரு கோயில்

மே 9

ஸ்லோவேனியாவின் கோப்பர் துறைமுகத்திலிருந்து ஹ்ராஸ்தொவ்ல்யே கிராமத்துக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கல் வீடுகள், கொஞ்சம் திராட்சைக் கொடி, ஊரை ஒட்டி ஒரு மேடு. மேட்டின்மேல் நிற்பது கோட்டையா கிறிஸ்தவக் கோயிலா என்று சட்டெனச் சொல்ல முடியாது. மணிக்கூண்டு மட்டும்தான் மதிலுக்கு மேல் தலை காட்டுகிறது. துருக்கியர் வந்தால் ஊர் ஜனம் ஓடி ஒளிய 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதில். போன நேரம் கதவு பூட்டியிருந்தது.

மே 10

இன்று திறந்திருந்தது. உள்ளே நாலு பேர் நின்றாலே நெரிசல், ஆனால் வெறும் சுவர் என்று தேடினாலும் கிடைக்காது. ஆதாம் ஏவாள், இயேசுவின் பாடுகள், மேல் வளைவில் பன்னிரண்டு மாதங்களுக்கும் உரிய வேலைகள். காஸ்தாவ் ஊர் ஓவியர் யானெஸ் 1490இல் வரைந்தவை.

தெற்குச் சுவரில்தான் மரண நடனம், அதாவது பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லோரையும் சாவு கூட்டிப் போகும் ஓவியம். போப், ராஜா, ராணி, ஆயர், துறவி, ஊன்றுகோல் பிடித்த பிச்சைக்காரன், கடைசியில் ஒரு குழந்தை. ஆளுக்கொரு எலும்புக்கூடு துணை. இழுத்துக்கொண்டு போகவில்லை, பந்திக்கு அழைத்துப் போவதுபோல் கையைப் பிடித்து நிதானமாகக் கூட்டிப் போகின்றன. அதுதான் பயமாக இருந்தது. வியாபாரி மட்டும் பணப்பையில் கை விட்டுத் துழாவுகிறான். எமனுக்கே லஞ்சம்! எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் இதைப் பார்த்து வாய்க்குள் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மே 11

இத்தனையும் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் காலங்காலமாக மறைந்து கிடந்தது. 1949இல் சிற்பி யோஷே பொஹ்லென் சுரண்டிப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தது. பூசியவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் மெழுகுவர்த்திப் புகையில் பாதி நிறம் போயிருக்கும்.

மே 13

ஊரில் பொஹ்லென் செய்த ஷவ்ரின்கா சிலையும் நிற்கிறது. ஷவ்ரின்கா என்றால் இந்தக் குன்றுப் பகுதிப் பெண். இஸ்திரியா தீபகற்பத்தின் உட்பகுதி ஊர்களில் வீடு வீடாக முட்டை வாங்கி, கழுதையில் ஏற்றியும் தலையில் சுமந்தும் ட்ரியெஸ்ட் நகரச் சந்தைக்குப் போவார்கள். திரும்பும்போது ஊசி, நூல், துணி. எனக்கென்னவோ கோயிலைவிட இவர்கள் கதைதான் பிடித்துப்போனது. சுவரில் உள்ள வரிசையில் ராணியைத் தவிர வேறு பெண்ணே இல்லை. 1954இல் ட்ரியெஸ்ட் இத்தாலியோடும் இந்தப் பக்கம் யூகோஸ்லாவியாவோடும் போனது. நடுவில் எல்லைக்கோடு வந்தபின் முட்டை வியாபாரமும் மெல்ல ஓய்ந்துபோனது.