கச்சான் காற்றில் கொழுப்புவால் பல்லி

ஆப்பிரிக்கக் கொழுப்புவால் பல்லி வளர்ப்பைப் பற்றி எங்கே வாசித்தாலும் முதலில் வருவது சூடாக்கும் விளக்குதான். குளிர்நாட்டுக்காரருக்கு அது சரி. மட்டக்களப்பில் வைகாசி பிறந்து கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் தேட வேண்டியது குளிர்ச்சியும் ஈரமும்.

செனகலில் இருந்து கமரூன் வரையான மேற்கு ஆப்பிரிக்கா இதன் ஊர். அங்கும் வறண்ட மாதங்கள் உண்டு. ஆனால் பகல் முழுக்க வளையிலோ கல்லுக்கடியிலோ கிடந்துவிட்டு இருட்டிய பிறகே வெளியே வரும். மேலே நிலம் காய்ந்தாலும் படுக்கும் இடத்தில் ஈரம் இருக்கும். அந்த வளையைத்தான் கண்ணாடித் தொட்டிக்குள் செய்து பார்த்தேன்.

வாய் உடைந்த மண்சட்டி ஒன்றை ஊறவைத்துக் கவிழ்த்து, உள்ளே ஈரத் தும்புத்தூள் பரப்பினேன். தொட்டியையும் மேசையிலிருந்து இறக்கி, வெயில் படாத சுவரோரம் சீமெந்துத் தரையில் வைத்தாயிற்று. ஈரமானி வெளியே 55 சதவீதம் காட்டும் மத்தியானத்திலும் சட்டிக்குள் 80க்குக் குறையவில்லை. பிளாஸ்டிக் டப்பாவை விட மண்சட்டி எவ்வளவோ மேல். நீர் கசிந்து ஆவியாகும்போது சூடும் இறங்குகிறது.

பலன் தோல் உரிக்கும்போது தெரிந்தது. முதல் நாள் உடம்பு சாம்பல் பூத்தது. இரவில் சட்டிக்குள் போய், வாயாலேயே இழுத்து உரித்துத் தின்று விட்டது. விரல் நுனித் தோல் கையுறை போல முழுசாகக் கழன்றிருந்தது. பார்க்க வேண்டிய இடம் அதுதான்: காய்ந்த தோல் விரலில் வளையமாக இறுகினால் இரத்தம் ஓடாமல் விரலே போய்விடும்.

பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, “இது சொல்லுற பல்லியா தம்பி?” என்றார். பலன் கேட்க இது சரிவராது மாமி! விரலில் ஒட்டும் தகடு இல்லாததால் சுவரில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு, மாமியைப் பார்த்துச் சிமிட்டியது.

தீனிக்கு நானே வளர்க்கும் சில்வண்டு. வயலில் பிடிப்பதில்லை, மருந்தடித்திருப்பார்கள். கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை உப்புப் போக ஊறவைத்து, காயவைத்து, இடித்துத் தூவுகிறேன். கல்சியத்துக்கு அது போதும். டி3 விற்றமின் மட்டும் காசு கொடுத்து வாங்குவது.

கொழுப்பைச் சேர்ப்பது வாலில்தான். இப்போது அது கழுத்தளவு தடித்து விட்டது. அதனால் இனித் தீனி ஒன்றுவிட்ட ஒரு நாள்.