பள்ளத்தூர் பிரஸ்ஸில் ஒரு பழைய எக்ஸ்பி: நாட்குறிப்பு

2025 ஜூலை 18, வெள்ளி

பள்ளத்தூர் பிரஸ் அண்ணன் காலையிலேயே போன் செய்தார். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் எழவில்லை, படைப்பு வீட்டுப் புத்தகம் அதில்தான் இருக்கிறது. மத்தியானமே கோட்டையூர் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும் 'சிஸ்டம்' என்ற ஃபைலைக் காணோம், அல்லது கெட்டுவிட்டது என்கிறது. அது விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ஒரு துண்டு. எந்த டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் நிரல்) எப்போது எழ வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும். கேபினட் பக்கம் காதைக் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம். கெட்டது ஒரு ஃபைல் மட்டுமில்லை, டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு முன்னால் வந்து பார்த்தவர், பார்மட் அடித்துப் புது விண்டோஸ் போட்டுவிடலாம் என்றாராம். அண்ணன் சம்மதிக்கவில்லை. அந்த ஒரு மறுப்பால்தான் இன்னும் மீட்பதற்கு ஏதோ மிச்சம் இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்தாருக்குக் கோயில் ஒன்பது. ஒரு கோயிலுக்குள்ளும் சேர்ந்து படைக்கிற பங்காளிகள் தனிக் கூட்டமாக இருப்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. அப்படி ஒரு கூட்டத்தின் புள்ளிப் பட்டியல்தான் இந்தப் புத்தகம். யார் மகன் யார், யார் எந்த வீட்டுக்குச் சுவீகாரம் போனார், எந்தக் கிளை எங்கே இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டம் போட்டு எழுதியது. 2009இல் இதே பிரஸ்ஸில் அச்சானது. இப்போது புதுப் புள்ளிகளைச் சேர்த்து மறுபடி அடிக்க வேண்டும் என்று ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்.

அச்சுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி டைப் செய்துவிடலாமே என்று அண்ணன் கேட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பாட்டனார் பெயரே பேரனுக்கும் வரும். ஒரு இனிஷியல் மாறினால் தகப்பன் மாறிப்போவார்.

ஜூலை 19, சனி

டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் விண்டோஸை ரிப்பேர் செய்யப் பார்ப்பது, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓடவிடுவது, இரண்டுமே ஆபத்து. முதலில் பிரதி எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலை ஓடவிட்டேன். சாதாரணக் காப்பி ஒரு கெட்ட இடத்தில் முட்டினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டும். இது அப்படிச் செய்யாது. படிக்க முடிகிற பகுதியையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில்தான் திரும்பி வரும். அந்தக் குறிப்பு ஒரு மேப் ஃபைலில் சேர்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 160 ஜிபி டிஸ்க், ராத்திரி முழுக்க ஓடட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

கொஞ்சம் செக்டார்கள் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகள்) தவிர எல்லாம் வந்துவிட்டது. விட்டுப்போனவை பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள்தான். படைப்புப் புத்தகத்தின் பக்கங்களை அமைத்த பேஜ்மேக்கர் ஃபைல் முழுசாக இருக்கிறது. அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "முருகா" என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அந்த ஃபைலை என் லேப்டாப்பில் திறந்து பயனில்லை. யூனிகோட் புழக்கத்துக்கு வருமுன் இருந்த எழுத்துரு முறை அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடும், அதுவும் பழைய பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில் ஒரு டாங்கிள் (மென்பொருளின் பூட்டு) செருகியிருந்தால்தான். லேப்டாப்புக்குள்ளேயே எக்ஸ்பியை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினில் போட்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட்டே கிடையாது, டாங்கிளை எங்கே செருகுவது? ஆகவே அதே பெட்டியில் எக்ஸ்பியை மறுபடி போட வேண்டியதுதான்.

ஜூலை 21, திங்கள்

புது 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். எக்ஸ்பி தானாகப் பார்ட்டிஷன் போட்டால் 63ஆவது செக்டாரில் தொடங்கும். 4 கேபி கட்டங்களாக வேலை செய்யும் இன்றைய டிஸ்க்குகளுக்கு அது இசையாது, எழுதுகிற ஒவ்வொரு துண்டும் இரண்டு கட்டத்தில் கால் வைக்கும். அதனால் லினக்ஸிலேயே 2048ஆவது செக்டாரில் பார்ட்டிஷன் தொடங்கிவைத்து, பார்மட்டை மட்டும் செட்டப்புக்கு விட்டேன்.

கம்ப்யூட்டரோடு வந்த சிடியை அண்ணன் பத்திரமாக வைத்திருந்தார். அது பெரிய உபகாரம். கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரோடு கொடுத்த எக்ஸ்பி சிடி, மதர்போர்டில் இருக்கும் தொடக்க நிரலான பயாஸில் அந்தக் கம்பெனியின் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஆக்டிவேஷன் கேட்காது. போர்டை மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும்.

சிடி ஓடியது. ஃபைல்களையெல்லாம் ஏற்றி, 'விண்டோஸ் தொடங்குகிறது' என்று சொல்லி, நேராக நீலத் திரைக்குப் போனது. எர்ரர் எண் 7பியில் முடிகிறது. பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கில் குறை ஒன்றுமில்லை. இந்த சிடி சர்வீஸ் பேக் 2 சேர்ந்தது, 2004இன் சரக்கு. டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலர் ஏஹெச்சிஐ என்ற புது முறையில் இருந்தால் அதனுடன் பேச இதற்குப் பாஷை தெரியாது. இரண்டு வழி உண்டு. செட்டப் தொடக்கத்தில் எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவர் கொடுக்கலாம், இல்லையென்றால் பயாஸில் சாட்டாவைப் பழைய ஐடிஈ முறைக்கு மாற்றலாம். ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? பயாஸில் மாற்றினேன். சட்டென்று டிஸ்க்கைக் காட்டியது.

அப்புறம் எஃப்8 அழுத்தி ஒப்பந்தம், என்டிஎஃப்எஸ் பார்மட், ரீஸ்டார்ட். '39 நிமிடம்' என்று இடது பக்கம் வந்தது. முடியும் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் அண்ணன் போன்: "தம்பி, மறுபடி நீலமா வருது." ராத்திரி மெயினை அணைத்திருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தால் அதே 7பி. பயாஸைத் திறந்தேன். நேற்று செட்டப் நடக்கும்போது சரிசெய்த தேதி 2008க்குத் திரும்பியிருந்தது, சாட்டா ஏஹெச்சிஐக்குத் திரும்பியிருந்தது. போர்டில் இருக்கும் காசு பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டிய சிஆர்2032, 2 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. இத்தனை வருஷம் ஏன் தெரியவில்லை என்றால், பிரஸ்ஸில் அந்த பிளக்கை யாரும் பிடுங்கியதே இல்லை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை ஸ்டாண்ட்பை மின்சாரமே பயாஸ் நினைவைக் காப்பாற்றிவிடும். டிஸ்க்கைக் கழற்ற நான் பிளக்கைப் பிடுங்கியதும்தான் பேட்டரி செத்த சங்கதி வெளியே வந்தது.

புது பேட்டரி காரைக்குடியில் ஒரு வாட்ச் கடையில் கிடைத்தது. திரும்பும்போது சிக்ரி நினைவுக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வு நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம்மூருக்குக் கொண்டுவந்தது. மின்கலங்களையும் ஆராய்கிற இவ்வளவு பெரிய இடம் இங்கே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் ஒரு மின்கலம் எப்படிச் சாகிறது என்று காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பேட்டரி போட்டு, ஐடிஈக்கு மாற்றி, பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுச் செருகினேன். தேதி நிற்கிறது. பயாஸில் மாற்றியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி கேபினட் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

ஜூலை 23, புதன்

டிரைவர் நாள். டிவைஸ் மேனேஜர் திறந்தால் வரிசையாக மஞ்சள் கேள்விக்குறி. முதலில் சிப்செட், அப்புறம்தான் மற்றவை. பெயர் தெரியாத கார்டுக்கு அதன் ஹார்டுவேர் எண்ணைப் பார்த்தால் போதும். வெண்டர் 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக். இதில் நெட்வொர்க் 10ஈசி, 8168. என் லேப்டாப்பில் இறக்கி, ஃபேட்32 பென் டிரைவில் கொண்டுபோனேன். எக்ஸ்பியின் பழைய பிரவுசரில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது. 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோன சிஸ்டத்தை இணையத்தில் விடவும் கூடாது. நெட்வொர்க் கார்டை முடக்கியே வைத்திருக்கிறேன்.

தமிழ் யூனிகோட் தெரிய ரீஜனல் செட்டிங்கில் சிக்கலான எழுத்துகளுக்கான பெட்டியை டிக் செய்ய வேண்டும். சிடி கேட்கும், கொடுத்தால் லதா எழுத்துருவும் சேர்ந்து வரும். டிக் செய்யாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும்.

டாங்கிள்தான் படுத்தியது. மென்பொருள் 'பூட்டு இல்லை' என்றே சொன்னது. பயாஸ் பழைய நிலைக்குப் போனபோது பேரலல் போர்ட்டின் அமைப்பும் போயிருக்கிறது. முகவரி 378 சரியாகவே இருந்தது. முறையை மட்டும் ஈசிபியிலிருந்து ஈபிபிக்கு மாற்றியதும் டாங்கிள் பேசிவிட்டது. அதையும் தாளில் சேர்த்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பிரஸ் லீவு.

ஜூலை 26, சனி

படைப்புப் புத்தகம் திறந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்த பக்கத்தில் கட்டம், கட்டத்துக்குள் 'லெ', 'சித', 'மெய' என்று இனிஷியல்கள். ஒரு கோடுகூட நகரவில்லை. அண்ணன் பக்கத்தில் நின்று அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்.

முதல் காரியமாக எழுத்துருவையும் உள்ளே பதித்துப் பிடிஎஃப் எடுத்தேன். இனி டாங்கிள் செத்தாலும் பக்கம் பிழைக்கும். அப்புறம் யூனிகோட் மாற்றம். 'கோ' என்பதைப் பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைப்பார்கள், கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக. யூனிகோடில் க முதலில், ஓகாரக் குறி பின்னால். மாற்றும் நிரல் கொம்பைப் பின்னே தள்ளிக் காலையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். 'கௌ' வரும் இடத்தில்தான் தகராறு. பழைய முறையில் ஔகாரத்தின் கடைசித் துண்டும் 'ள' எழுத்தும் ஒரே வடிவம். அந்தப் பெயர்களைக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். ஆச்சியே உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதைவிட நல்ல புரூஃப் ரீடர் கிடைக்க மாட்டார்.

எஸ்எஸ்டியின் முழுப் பிரதி ஒன்று என்னிடம், ஒன்று அண்ணனிடம். புதுப் புள்ளிகளை யூனிகோட் பிரதியில்தான் சேர்க்கப்போகிறோம். எக்ஸ்பி இனிப் பழைய ஃபைல்களைத் திறந்து பிடிஎஃப் எடுக்க மட்டும். அதில் எதை முதலில் எடுப்பது என்று எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. கல்யாணப் பத்திரிகைகளை எடு, ஆவணியில் மாதிரி கேட்டு வருவார்கள் என்கிறார் அண்ணன். மணிவிழா மலர்கள்தான் முதலில் என்பது என் கட்சி. பத்திரிகை பல வீட்டு அலமாரியில் இருக்கும், மலரில் வரும் குடும்ப வரலாறு வேறெங்கும் கிடைக்காது. திங்கட்கிழமை மறுபடி பேசலாம் என்று விட்டிருக்கிறோம்.