சங்கம் பதிவு பண்ண நாலு மாசம் அலைஞ்சோம் – பைலா (சங்கத்தோட சட்டதிட்டம்) எழுதப்போறவங்க ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க

ஒருவழியா போன வாரம் சர்டிஃபிகேட் வந்துடுச்சுங்க. நாலு மாசம். மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க, சும்மா போய்ட்டு வந்தது எத்தனை தடவைன்னு கணக்கு வெச்சுக்கல. கோவம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன், ஆறிட்டா எல்லாம் சுலபமா முடிஞ்ச மாதிரி எனக்கே தோண ஆரம்பிச்சுடும்.

நாங்க சேலம், ஏற்காடு பக்கம் சோஷியல் ஒர்க் பண்றவங்க. குழந்தைகள் இல்லம், ஆஸ்பத்திரி, ஸ்கூல் கவுன்சலிங், மலை கிராமங்கள்னு ஆளுக்கு ஒரு பக்கம். ஏஐ வந்ததும் ரிப்போர்ட் எழுத, மொழிபெயர்க்க எல்லாரும் அதுல இறங்கிட்டாங்க, எது பண்ணலாம் எது கூடாதுன்னு பேச ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சோம். ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. குட் மார்னிங் படம் போடறவங்களத் தவிர தொந்தரவு எதுவும் இல்ல.

அப்புறம் ஒரு தம்பி, வேலைக்கு சேர்ந்து ஆறு மாசம்தான் இருக்கும், வீட்டு விசிட் நோட்ஸ இலவச சாட்பாட் ஒண்ணுல போட்டு இங்கிலீஷ் ரிப்போர்ட்டா மாத்தி, பெருமையா குரூப்புல போட்டாரு, "பாருங்க அக்கா, எவ்ளோ நீட்டா எழுதியிருக்கு"ன்னு. திறந்து பார்த்தா குழந்தை பேரு, ஸ்கூல் பேரு, தெரு பேரு எல்லாம் அப்படியே இருக்கு. நூத்திச் சொச்சம் பேர் இருக்கற குரூப். சிறார் நீதிச் சட்டம் 2015-ல 74-வது பிரிவு என்ன சொல்லுதுன்னு நம்ம ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, குழந்தை யாருன்னு காட்டிக் குடுக்கற விவரம் எதுவும் வெளிய வரக்கூடாது, மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமேகூட.

அத உடனே டெலீட் பண்ண வெச்சோம். ஆனா என் வயித்தக் கலக்குனது வேற. தம்பி தமிழ்ல எழுதினது, "அம்மாவும் அப்பாவும் பாப்பாவ பாட்டி வீட்ல விட்டுட்டு வேலைக்குப் போறாங்க." அது இங்கிலீஷ்ல "அபாண்டன்டு"ன்னு மாறியிருக்கு. கைவிடப்பட்ட குழந்தைன்னு. நம்ம ஊர்ல பாதிப் பேரு அப்படி வளர்ந்தவங்கதானே, நானே பாட்டி வீட்ல விடப்பட்டு வளர்ந்தவதான். ஆனா அந்த வார்த்தைக்கு சட்டத்துல தனி அர்த்தம் இருக்கு, குழந்தைகள் நலக் குழு விசாரிச்சு அப்படி அறிவிச்சா தத்து குடுக்கற வரைக்கும் போகும். அந்த ரிப்போர்ட் அப்படியே ஃபைலுக்குப் போயிருந்தா குழு விசாரணைல கண்டுபிடிச்சிருப்பாங்கதான், ஆனா அதுக்குள்ள அந்த அம்மா எத்தனை நாள் வேலைய விட்டுட்டு வந்து பதில் சொல்லிட்டு இருக்கணும்? அதே ரிப்போர்ட்ல இன்னொண்ணு, "அப்பா வந்து படுத்துக்குவாரு"ங்கறத "பெட்ரிடன்"னு போட்டிருந்துச்சு, படுத்த படுக்கையா இருக்காருன்னு. மனுஷன் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கறாருங்க.

சரி, தம்பிய யாரு கேக்கறது? அதுலதான் மாட்டினோம். வக்கீல்னா பார் கவுன்சில் இருக்கு, டாக்டர்னா மெடிக்கல் கவுன்சில் இருக்கு. நம்மள்ல ஆஸ்பத்திரி, மனநலம் பக்கம் இருக்கறவங்கள 2021 அலைடு ஹெல்த்கேர் (மருத்துவம் சார்ந்த தொழில்கள்) சட்டத்துல சேர்த்திருக்காங்க, மத்தவங்களுக்குன்னு சட்டப்படி தனி கவுன்சில் எதுவும் கிடையாது. குரூப் அட்மின் அதிகபட்சமா குரூப்ப விட்டுத் தூக்கலாம், அவ்ளோதான். தூக்கினா அவரு கத்துக்க மாட்டாரு, வேற குரூப்புல போய் அதையே செய்வாரு. அதனாலதான் முறையா ஒரு சங்கமாவே பதிவு பண்ணி, உறுப்பினர் நடத்தை விதின்னு ஒண்ணு வெப்போம்னு முடிவு பண்ணோம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. ஏழு பேர் போதும், செயற்குழுல குறைஞ்சது மூணு பேர், பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது. இதெல்லாம் யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. யாரும் சொல்லாதது, பைலால எதை எழுதக்கூடாதுங்கறது.

எங்க முதல் டிராஃப்ட்ல எந்த ஆப் ஓகே, எந்த ஆப் கூடாதுன்னு பேரு பேரா பைலாலயே எழுதி வெச்சிருந்தோம். ஒரு ரிட்டயர்டு புரொபசர் சார் படிச்சுட்டு சிரிச்சாரு. "ஏம்மா, பைலால ஒரு வரி மாத்தணும்னாலும் ஸ்பெஷல் ரெசல்யூஷன், 21 நாள் நோட்டீஸ், வந்தவங்கள்ல நாலுல மூணு பங்கு ஓட்டு, அப்புறம் திரும்ப பதிவு ஆபீஸ். உங்க ஆப் மாசத்துக்கு ஒரு தடவை மாறுது, நீங்க வருஷம் பூரா கூட்டம் போட்டுட்டே இருப்பீங்களா?" நியாயம்தான். அதனால பைலால "நடத்தை விதிகளை செயற்குழு வகுக்கும், பொதுக்குழுல வெச்சு ஒப்புதல் வாங்கும்"னு ஒரே வரி. ஆப் லிஸ்ட், மறைக்க வேண்டிய விவரம், குடும்பத்துக்கிட்ட சம்மதம் எப்படி வாங்கறது, எல்லாம் தனி விதிப் புக்ல. இந்த ஒண்ண மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கோங்க.

பைலாலயே இருந்தே தீரணும்னு நான் பிடிவாதமா நின்னது ரெண்டு. ஒண்ணு, ஏஐ கருவி விக்கிற கம்பெனிக்காரங்களுக்கு ஓட்டு கிடையாது. ஒரு அண்ணன் எல்லாருக்கும் ஒரு வருஷம் ஃப்ரீ சப்ஸ்கிரிப்ஷன் தர்றேன், என்னையும் கமிட்டில போடுங்கன்னு ரொம்ப அன்பா வந்தாரு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டோம். ரெண்டாவது, கருவி என்ன சொன்னாலும் கையெழுத்து போடறவங்கதான் பொறுப்பு, மெஷின் சொல்லுச்சுன்னு யாரும் தப்பிக்க முடியாது. இதுக்கு ஒரு மேடம் ரொம்ப எதிர்ப்பு, கம்ப்யூட்டர் நம்மளவிட சரியாத்தான் கணக்குப் போடும்னு. ஆஸ்திரேலியா ரோபோடெப்ட் கதையச் சொன்னேன், வருஷ வருமானத்த ரெண்டு ரெண்டு வாரத்துக்கு சராசரி போட்டு, உதவித்தொகை வாங்குனவங்க மேல இல்லாத கடனெல்லாம் ஏத்தி நோட்டீஸ் அனுப்பி, 2023-ல ராயல் கமிஷன்ங்கற விசாரணைக் கமிஷனோட அறிக்கை வந்து கவர்மென்ட் தலை குனிஞ்சது. கணக்கு சரியாத்தான் போட்டுச்சு மேடம், போட்ட கணக்கே தப்புன்னேன். அப்பவும் அவங்க ஒத்துக்கல. இது கீழ திரும்ப வரும்.

டேட்டா பாதுகாப்புச் சட்டத்துலயும் ஒரு சண்டை. 2023 சட்டம், ரூல்ஸ் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. "அமலுக்கு வர்றப்ப பார்த்துக்கலாமே"ன்னு ஒருத்தர். 74-வது பிரிவு எப்பவோ அமல்ல இருக்கு சார்னு சொன்னதும் அமைதியாயிட்டாரு.

இனி ஆபீஸ் கதை. எந்த ஆபீஸ்னு போடல. ஆன்லைன்ல ஏத்தறது ஒரு நாள் வேலை, முடிஞ்சுது.

முதல் ரிட்டர்ன் பேருக்கு. "கவுன்சில்"னு வெச்சிருந்தோம். நேர்ல போய்க் கேட்டா செக்‌ஷன்ல இருந்தவரு நிமிரவே இல்ல. "கவுன்சில்னு போட்டா கவர்மென்ட் அமைப்புன்னு ஜனங்க நினைப்பாங்க, மாத்துங்க மேடம்." சரிங்க சார், வேற ஏதாச்சும் தப்பு இருக்கான்னு கேட்டேன். "இதை மாத்திட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்." அப்புறம் பார்க்கலாம்ங்கறதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு அப்ப புரியல. ஒரு குறையக் கண்டதும் பேப்பர மூடிடுவாரு, மீதி அடுத்த தடவைக்கு. நீங்க போனா உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கெஞ்சுங்க. கிளம்பறப்ப "ஏஐன்னா கம்ப்யூட்டர் சென்டரா மேடம்?"னு கேட்டாரு. பத்து நிமிஷம் விளக்கினேன். "அப்ப கம்ப்யூட்டர் சென்டர்தான்"னாரு.

ரெண்டாவது ரிட்டர்ன் முகவரிக்கு. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மெம்பரோட வாடகை ரூம்தான் சங்க முகவரி. ஓனர் சம்மதக் கடிதம் வாங்கிக் குடுத்தோம், ஆனா வீட்டு வரி ரசீது ஓனரோட அப்பா பேர்ல இருக்கு, அவரு காலமாகி ஒன்பது வருஷமாச்சு. ஓனர் திருப்பூர்ல. வாரிசு சான்றிதழ் காப்பி வேணும்னு கேட்டா, "எங்க வீட்டு பேப்பர் உங்க சங்கத்துக்கு எதுக்கும்மா?"ன்னு சந்தேகமாப் பேசறாரு, அவர் மேலயும் தப்பில்ல. ரெண்டு வாரம் போராடிப் பார்த்துட்டு, சொந்த வீடு இருக்கற இன்னொரு மெம்பர் முகவரிக்கு மாத்திட்டோம். மொதல்லயே அப்படிப் பண்ணியிருக்கணும். ரசீதுல பேரு யாருதுன்னு பார்க்காம முகவரி முடிவு பண்ணாதீங்க.

முகவரி மாறுச்சுன்னா பேப்பர் எல்லாம் புதுசு, ஏழு கையெழுத்தும் திரும்ப. அதுல ரெண்டு பேரு ஏற்காட்டுக்கு மேல மலை கிராமத்துல வேலை பாக்கற அக்காங்க. டவர் கிடைக்கறது பாறை மேல ஏறி நின்னாத்தான். ஃபோன் எடுக்கல, சரி நேர்லயே போய்டலாம்னு 20 ஹேர்பின் பெண்டும் ஏறி, அங்கிருந்து ஷேர் ஜீப் பிடிச்சுப் போனா, அவங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடறதுக்காக காலைலயே பஸ் ஏறி சேலம் போயிட்டாங்களாம். நாங்க மலை மேல, அவங்க அஞ்சு ரோட்டுல நின்னுட்டு எனக்கு ஃபோன் போட்டுட்டு இருக்காங்க, எனக்கு டவர் இல்ல. இப்ப சிரிப்பா இருக்கு. அன்னிக்கு பனியில கீழ இறங்கறப்ப யார்கிட்டயும் பேசல.

அதுல ஒரு நல்லது, கோரம், அதாவது கூட்டம் செல்றதுக்கு குறைஞ்சது எத்தனை பேர் வரணும்ங்கறது, பாதிப் பேருன்னு எழுதியிருந்தத மூணுல ஒரு பங்கா குறைச்சோம். மழைக்காலத்துல மலைல இருந்து யாரும் இறங்க முடியாது, ஆன்லைன்ல வாங்கன்னா டவர் இல்ல.

மூணாவது ரிட்டர்ன், சொல்லவே வெக்கமா இருக்கு. தொடக்கக் கூட்டத்து மினிட்ஸ். நேரம் இல்லைன்னு என் கைக்குறிப்ப ஏஐல போட்டு, பேரெல்லாம் எடுத்துட்டுத்தான் போட்டேன், அழகா எழுதித் தரச் சொன்னேன். தந்துச்சு. படிச்சும் பார்த்தேன், எழுத்துப்பிழைதான் பார்த்தேன். செக்‌ஷன்காரரு விரல் வெச்சுக் காட்டினாரு. "எட்டுப் பேர் கலந்துகொண்டனர்னு இருக்கு, கையெழுத்து ஏழுதானே இருக்கு?" எட்டாவது ஆளு யாருன்னு யோசிச்சேன், யாருமில்ல. அது பாட்டுக்கு ஒருத்தர சேர்த்திருக்கு. அதுக்குக் கீழயே "பைலா ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது". ஏகமனதா? அந்த மேடம் பொறுப்பு விதிய எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க, என் குறிப்புல தெளிவா எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் சென்டரான்னு கேட்டவருதான் அதைக் கண்டுபிடிச்சாரு. நன்றி சொல்லிட்டு வெளிய வந்து தட்டுவடை செட் ரெண்டு பிளேட் சாப்பிட்டேன், அப்பத்தான் மனசு சமாதானமாச்சு.

கையால எழுதிக் குடுத்தேன். ஒரே வாரத்துல பாஸ்.

பான் கார்டு, பேங்க் அக்கவுன்ட் எல்லாம் தொந்தரவு இல்லாம முடிஞ்சுது. நடத்தை விதிக் குழுவும் போட்டாச்சு, மூணு பேரு. ஆரம்பத்துல மாட்டுன அந்தத் தம்பியையும் அதுல போட்டோம், நல்லா உழைக்கறாரு, "விட்டுட்டு", "படுத்துக்குவாரு" மாதிரி நம்ம பக்கத்துப் பேச்ச மெஷின் எங்கெங்க தப்பா எடுத்துக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வர்றாரு, நாப்பது வார்த்தைக்கு மேல சேர்ந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை முதல் கூட்டம். புகார் பதிவேட்ட தொடங்கி வெச்சுட்டு, புகார் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டேன். அந்த மேடம் கையத் தூக்கினாங்க. என்ன புகார்னா, கூட்டக் குறிப்புல அவங்க எதிர்ப்ப மறைச்சு ஏகமனதுன்னு போட்ட செயலாளர் மேல. தம்பி என்னையப் பார்த்தாரு. "எழுதிக்கோப்பா"ன்னேன். ஒண்ணாம் நம்பர் புகார் என் பேர்லதான் இருக்கு. விளக்கம் குடுக்க 15 நாள் டைம், மெஷின் சொல்லுச்சுன்னு எழுத முடியாது.