என் பாஸ்போர்ட் இந்தியா, வீட்டுக்காரம்மா பாஸ்போர்ட் உக்ரைன்: ஜெர்மனில தங்கற கார்டு வாங்கின கதை

கல்யாண சர்டிபிகேட்டை கார்கிவ் வீட்லயே விட்டுட்டு வந்தோம், நாங்க பண்ணதுலயே பெரிய தப்பு அதுதான். பாஸ்போர்ட் எடுத்தோம், பொண்ணோட பர்த் சர்டிபிகேட் எடுத்தோம், லேப்டாப், ரெண்டு ஸ்வெட்டர், மாமியாரோட பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்தோம். அந்த நீல ஃபைல் மட்டும் அலமாரில அப்படியே இருந்துச்சு. உயிருக்கு பயந்து ஓடும்போது எவனுக்குங்க கல்யாண சர்டிபிகேட் ஞாபகம் வரும்.

நான் 2009-ல உக்ரைனுக்குப் படிக்கப் போனவன், படிச்சு முடிச்சு அங்கயே ஐடி வேலை, 2013-ல அந்த ஊர்ப் பொண்ணையே கட்டிக்கிட்டேன். வீடு சல்தீவ்கா ஏரியா, அங்க விழுந்த குண்டைப் பத்தி நியூஸ்ல பாத்திருப்பீங்க. ரஷ்யா போர் தொடங்கின 2022 பிப்ரவரி 24-ல இருந்து ஒரு வாரம் மெட்ரோ ஸ்டேஷன் பிளாட்பாரத்துலதான் படுத்தோம். மார்ச் 2 அன்னிக்கு இந்தியன் எம்பசி "உடனே கார்கிவை விட்டு வெளியேறுங்க, வண்டி கெடைக்கலன்னா நடந்தாவது போங்க, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள"ன்னு மெசேஜ் போட்டாங்க. மறுநாள் நாங்களும் ஸ்டேஷனுக்குப் போனோம். கூட்டத்துல பொம்பளைங்க குழந்தைங்களைத்தான் முதல்ல ஏத்தினாங்க, பொண்ணு என் தோள்ல இருந்ததால என்னையும் தள்ளி உள்ள விட்டுட்டாங்க, இல்லன்னா என் கதை வேற.

மாமனார் ஏறல. அவருக்கு அப்ப 58 வயசு, உக்ரைன்காரர், 18-ல இருந்து 60 வரைக்கும் ஆம்பளைங்க நாட்டை விட்டுப் போகக்கூடாதுன்னு சட்டம் வந்துருச்சு. நான் இந்தியன், நான் போகலாம். பிஷெமிஷ்ல போலந்து பக்கம் இறங்கினப்ப சுத்தி பூரா அம்மாக்களும் குழந்தைகளும்தான், பொண்டாட்டியோட நிக்கற ஆம்பளை நான் ஒருத்தன். யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா நிமிர்ந்து பாக்க முடியல. கூட வந்த ஜூனியர் பையன் ஒருத்தன் ஜெஷோவ் ஏர்போர்ட்ல இருந்து இந்திய அரசு அனுப்பின ஆபரேஷன் கங்கா பிளேன் ஏறி ஊருக்குப் போயிட்டான். வாங்க அண்ணான்னு என்னையும் கூப்பிட்டான். இவங்களை நடு வழில விட்டுட்டு எப்படிப்பா.

சரி, பிராசஸுக்கு வரேன். நாங்க ரயில்ல நின்னுட்டே வந்த அந்த மார்ச் 4-ம் தேதிதான் ஐரோப்பிய யூனியன் தற்காலிக பாதுகாப்புச் சட்டத்தை ஆன் பண்ணாங்க. சட்டம் 2001-லயே இருக்கு, போஸ்னியா, கொசோவோ சண்டைல மக்கள் கூட்டம் கூட்டமா வந்து இவங்க திணறின அனுபவத்துல எழுதினது, ஆனா 21 வருஷம் ஒரு தடவை கூட யூஸ் பண்ணல, 2015-ல சிரியாக்காரங்க அவ்ளோ பேர் வந்தப்பகூட எடுக்கல. அசைலம் (அகதி மனு) மாதிரி ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு உன் உயிருக்கு என்ன ஆபத்துன்னு இண்டர்வியூ கிடையாது, நீ இந்த லிஸ்ட்ல வர்றியா இல்லையா அவ்ளோதான் கேள்வி. வந்தா தங்கலாம், வேலை பாக்கலாம், குழந்தை ஸ்கூல் போகலாம், வைத்தியம், பண உதவி எல்லாம் உண்டு. லிஸ்ட்ல யாருன்னா, பிப்ரவரி 24-க்கு முன்னாடி உக்ரைன்ல இருந்த உக்ரைன் குடிமக்கள், அங்க அகதி அந்தஸ்து வாங்கினவங்க, அப்புறம் இவங்களோட குடும்பம். வெளிநாட்டுக்காரன் தனியா இருந்தா, அங்க நிரந்தரமா தங்கற கார்டு இருக்கணும், சொந்த ஊருக்கு பத்திரமா திரும்பிப் போக முடியாதுன்னும் ஆகணும். என்கிட்ட இருந்தது டெம்பரரி கார்டு. உக்ரைன் பொண்ணைக் கட்டி ரெண்டு வருஷம் ஆனாலே நிரந்தரத்துக்கு அப்ளை பண்ணலாம், எனக்கு ஒம்போது வருஷம் ஆச்சு, அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்னே ஓட்டிட்டேன். சோம்பேறித்தனம், வேற என்ன.

பெர்லின் ஸ்டேஷன்ல வாலன்டியர்ங்க சூப், சிம் கார்டு, டயப்பர் எல்லாம் குடுத்தாங்க, அதை மறக்க மாட்டேன். அங்கருந்து பஸ்ல ஏத்தி ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினாங்க, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர்னு பிரிக்கற கணக்கு. அந்த ஊர் ஆபீஸ் பேர் வேண்டாம், ஆனா கவுண்டர்ல இருந்த அம்மா எங்க நாலு பாஸ்போர்ட்டையும் பாத்தாங்க, மூணை ஒரு பக்கம் வச்சாங்க, என்னுதை மட்டும் தனியா வச்சாங்க. நீங்க மூணாம் நாட்டுக்காரர் (ஐரோப்பிய யூனியனும் இல்ல, உக்ரைனும் இல்ல), வேற க்யூன்னாங்க. நான் புருஷன்னு சொன்னேன். ப்ரூஃப் எங்கன்னாங்க. போன்ல இருந்த சர்டிபிகேட் போட்டோவைக் காட்டினா ஒரிஜினல் வேணும், அதோட ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வேணும், அதுவும் கோர்ட்ல சத்தியம் பண்ண மொழிபெயர்ப்பாளர்கிட்டயே வாங்கணும்னாங்க. பக்கத்துல ஏழு வயசுப் பொண்ணு, பர்த் சர்டிபிகேட்ல அப்பான்னு என் பேர் இருக்கு, அதுவும் உக்ரைன் பாஷைல இருக்காம், அதையும் மொழிபெயர்த்துட்டு வரணுமாம்.

ஏப்ரல்ல மனைவி, பொண்ணு, மாமியார் மூணு பேருக்கும் கைரேகை எடுத்து ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்னு ஒரு பேப்பர் குடுத்துட்டாங்க. வாய்ல நுழையாத பேரு, அர்த்தம் என்னன்னா கார்டு வர்ற வரைக்கும் இதையே கார்டா நெனச்சுக்கோ. அதுல வேலை செய்ய அனுமதின்னும் போட்டிருந்தது. எனக்கு ஒண்ணுமில்ல. ஒரே ஆறுதல், போர் தொடங்கின அன்னிக்கு உக்ரைன்ல இருந்தவங்க எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் பர்மிட் இல்லாம ஜெர்மனில இருக்கலாம்னு ஒரு விதி போட்டிருந்தாங்க, முதல்ல மே 23 வரை, அப்புறம் ஆகஸ்ட் 31 வரை. ஆகஸ்ட் 31, ஆகஸ்ட் 31னு தூக்கத்துல பொலம்புவேனாம்.

அதுக்குள்ள மாமனார் ஒரு நாள் காலைல குண்டுச் சத்தம் கொஞ்சம் ஓஞ்ச நேரமா பாத்து எங்க வீட்டுக்குப் போயிருக்கார், வேண்டாம்னு சொன்னா கேக்கல. ஜன்னல் ஒண்ணு கூட இல்லையாம், அலமாரி மட்டும் நல்லா இருந்துச்சாம். ஃபைலை எடுத்து போலந்து கெளம்பின பக்கத்து வீட்டு அம்மாகிட்ட குடுத்து, அவங்க அங்க இருந்து போஸ்ட் பண்ணி, மே மாசக் கடைசில எங்க கைக்கு வந்துச்சு.

முடிஞ்சுதுன்னு நெனச்சீங்களா? என் பேர்ல ஒரு ஜ இருக்கு. உக்ரைன் பாஷைல அதை ரெண்டு எழுத்து சேத்து எழுதுவாங்க. ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் அவங்க ரூல்படி அதை எழுதினப்ப இசட் எழுத்து தலைமேல ஒரு குட்டிக் கொம்பு மொளச்சிருச்சு. பாஸ்போர்ட்ல வேற ஸ்பெல்லிங். இனிஷியல் வேற ஒரு இடத்துல சர்நேம் ஆகி, இன்னொரு இடத்துல நடுப் பேர் ஆகி, அந்த கவுண்டர் அம்மாவுக்கு இவங்க மூணு பேரா ஒருத்தரான்னே சந்தேகம் வந்துருச்சு. நம்ம ஆளுங்க இனிஷியலால வெளிநாட்டுல படற பாட்டை தனியாவே எழுதலாம். திரும்ப மொழிபெயர்ப்பாளர்கிட்ட ஓடினேன், பாஸ்போர்ட்டைப் பாத்து, 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இது'ன்னு கீழ ஒரு குறிப்பு சேத்து சீல் வச்சு குடுத்தார். அந்த ஒரு வரிலதான் என் ஃபைல் நகர்ந்துச்சு.

நடுவுல ஜூன் 1-ல இருந்து உக்ரைன்காரங்களை அகதி உதவில இருந்து ஜாப்சென்டருக்கு (வேலை இல்லாதவங்களுக்கு உதவற ஆபீஸ்) மாத்தினாங்க, ஜெர்மன்காரனுக்கு வேலை போனா என்ன தருவாங்களோ அதே தொகை, இன்சூரன்ஸ் கார்டு, ஜெர்மன் கிளாஸ் எல்லாம் வரும். வீட்ல மூணு பேர் ஜாப்சென்டர், நான் மட்டும் பழைய ஆபீஸ், பல் வலிக்குக்கூட சீட்டு வாங்கித்தான் போகணும். ஒரே வீடு, ஒரே குக்கர், ரெண்டு சட்டம்.

பக்கத்து சிட்டில யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் கடை வச்சிருக்கார், புளி வாங்கப் போறப்ப பொலம்புவேன். ஒரு நாள் சிரிச்சுட்டே சொன்னார், "தம்பி, நாங்கள் 84-ல வரேக்கை கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்டில இறங்கி, எஸ்-பான் ரயில் ஏறி மேற்குக்கு வந்தனாங்கள். டுல்டுங் எண்டு, இப்போதைக்குத் திருப்பி அனுப்பமாட்டம் எண்ட மாதிரி ஒரு துண்டு தந்தவங்கள், கொஞ்ச நாளைக்கொருக்கா போய் நிண்டு புதுப்பிக்கோணும். வேலை செய்யேலாது, ஊரைத் தாண்டேலாது. உமக்கு மூண்டு மாசம் பெரிசா தெரியுது." எனக்கு பதில் வரல. புளிக்கு காசு வாங்கல அவர்.

ஜூலைல எனக்கும் பேப்பர் வந்துச்சு, இந்த தற்காலிக பாதுகாப்புக்கான ஜெர்மன் சட்டப் பிரிவு, பாராகிராஃப் 24, மனைவியோட அதே கேட்டகரி. செப்டம்பர்ல வேலை கெடச்சுது, 2024-ல வேலைக்கான பர்மிட்டுக்கு மாறிட்டேன். காரணம், இந்த பாதுகாப்பு பேருக்கேத்த மாதிரி தற்காலிகம்தான், வருஷா வருஷம் நீட்டிக்கறாங்க, இப்ப 2027 மார்ச் 4 வரைக்கும்னு சொல்லியிருக்காங்க. அதுலயும் ஒரு கூத்து, ஜெர்மனில கார்டு தானாவே நீட்டிப்பு, புதுசா அடிச்சு தர மாட்டாங்க. மனைவி கார்டுல 2024 மார்ச் 4-னு செத்துப்போன தேதிதான் இருக்கு. வேலை மாறும்போது எச்ஆர், வீடு பாக்கும்போது ஓனர், எல்லாரும் இது எக்ஸ்பயர் ஆயிருச்சேன்னு கேப்பாங்க. அந்த அரசாணையை பிரிண்ட் எடுத்து ஹேண்ட்பேக்ல வச்சிருக்கா, மடிச்சு மடிச்சு கிழிஞ்சு போய் இது நாலாவது பிரிண்ட்.

மாமனாருக்கு 2024-ல அறுபது முடிஞ்சுது, பஸ் புடிச்சு வந்துட்டார். அதே ஆபீஸ், வேற கவுண்டர், பாஸ்போர்ட் மட்டும்தான் கேட்டாங்க, ஒரு காலை நேரத்துல எல்லாம் முடிஞ்சுது. நாங்க பட்டதைக் கேட்டு மனுஷன் ஒரு பெரிய பை நெறைய பேப்பர் தூக்கிட்டு வந்திருந்தார், எங்க வீட்டு 2013-ல இருந்து கட்டின கரண்ட் பில், தண்ணி பில், கேஸ் பில் எல்லாம் வருஷ வாரியா கட்டி. யாரும் கேக்கலன்னதும் முகம் வாடிப்போச்சு. வீட்டுக்கு வந்து அதையெல்லாம் எங்க புக் ஷெல்ஃப்ல அவரே அடுக்கி வச்சார்.